பெயரும் நாதமும்

இசைக்கருவி வாங்கச் செல்வோர் செவியைக் கொண்டு வாங்குகின்றனரா, கண்ணைக் கொண்டு வாங்குகின்றனரா என்னும் வினா கேட்பதற்கு எளியது. விடை கூறப் புகுந்தாலோ முந்நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியதாகிறது. இவ்வினாவை எனக்குள் எழுப்பியது எந்த நூலுமன்று. எங்கள் வீட்டு வயலின்.

என் தந்தையார் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவிற்குக் குமாஸ்தா வேலைக்கு வந்து, லேக் மார்க்கெட் பகுதியில் குடியமர்ந்தவர். 1956-ஆம் ஆண்டில், தாய்நாடு திரும்பிய ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்திற்கு வந்தபோது, ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்து, என் தமக்கையார் பயில்வதற்கென ஒரு பழைய வயலினை வாங்கி வந்தார். அதன் மேற்பலகையில் வளைந்து கிடக்கும் துளையின் வழியே விளக்கைப் பிடித்து நோக்கினால், உள்ளே மஞ்சளித்துப் போன காகிதச் சீட்டொன்று தென்படும். அதில் இலத்தீன் மொழியில், கிரெமோனா நகரத்து அந்தோனியஸ் ஸ்திராதிவாரியஸ் 1721-ஆம் ஆண்டில் செய்தது என அச்சிடப்பட்டிருந்தது. சீட்டின் கீழ்ப்பகுதியை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டிருந்தது.

அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சி செய்தது என்றே சொல்ல வேண்டும். விருந்தினர் வந்தால் காபிக்குப் பின் வயலின் பெட்டி திறக்கப்படும். துளைக்குள் நோக்குமாறு ஒவ்வொருவரும் அழைக்கப்படுவர். தமக்கையாருக்குத் திருமணம் நிச்சயமான 1968-ஆம் ஆண்டில், செலவுக்கு வேறு வழியின்றி, தந்தையார் அதனை விற்கத் துணிந்து, வயலின் பழுதுபார்க்கும் வங்காளி முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றார். அம்முதியவர் சிறு கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே செலுத்தி நெடுநேரம் பார்த்தார். சீட்டின் கிழிந்த ஓரத்தில் 'மேட் இன்' என்னும் இரு சொற்கள் மட்டும் எஞ்சியிருப்பதைக் காட்டினார். இது சாக்சனி நாட்டில் 1900-ஐ ஒட்டிய காலத்தில் செய்யப்பட்டது, இதுபோல் ஆயிரக்கணக்கில் உண்டு என்று மெல்லக் கூறினார். கொடுத்த விலை கூடத் தேறாது என அறிந்த தந்தையார், பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வழியெல்லாம் பேசாமல் நடந்தார். உடன் சென்றவன் நான்.

அந்தச் சீட்டு எப்படி அங்கு வந்தது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் உள்ள கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737-இல் மறைந்தவர் அந்தோனியோ ஸ்திராதிவாரி. பிறந்த ஆண்டு 1644 எனக் கொள்வர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இடையறாது உழைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைச் செய்தவர்; அவற்றுள் அறுநூற்றைம்பது வரை இன்றும் எஞ்சியுள்ளன. தாம் செய்த கருவியினுள் தம் பெயர் அச்சிட்ட சீட்டை ஒட்டி, ஆண்டின் கடைசி இலக்கங்களை மையால் தம் கைப்பட எழுதுவது அவர் வழக்கம். வணிக விளம்பரமாக அதனைக் கருதுதல் பொருந்தாது. செய்தவன் தன் வேலைக்குப் பொறுப்பேற்று இடும் கையொப்பம் அது. ஆயினும், கையொப்பத்திலும் ஒரு சிறு வணிகம் உண்டு என்பதை மறைப்பானேன்? 1666-ஆம் ஆண்டின் சீட்டொன்றில் அவர் தம்மைப் புகழ்பெற்ற நிக்கோலோ அமாத்தியின் மாணாக்கர் என்று குறித்துள்ளார். உண்மையிலேயே அவர் அமாத்தியிடம் பயின்றவர்தாமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பின்னாளில் உலகமே கடன் வாங்கிய பெயருக்கு உரியவர், இளமையில் தாமும் ஒரு பெரியவரின் பெயர் நிழலில் நின்றார்!

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் ஐரோப்பியச் சந்தையில் முதலிடம் பெற்றிருந்த பெயர் அவருடையதன்று. தைரோல் மலைநாட்டு யாக்கோபு ஸ்டைனர் என்பாருடையது. ஸ்டைனரின் வயலின்கள் மேற்பலகை நன்கு புடைத்தவை; இனிய, மென்மையான நாதம் உடையவை. பிரபுக்களின் சிறு கூடங்களில் வாசிப்பதற்கு அதுவே ஏற்றதாயிருந்தது. பின்னர்ச் சீட்டுக் கட்டணம் செலுத்திய பெருங்கூட்டம் பெரிய அரங்குகளில் கூடிக் கேட்கும் காலம் வந்தது. 1782-இல் பாரிசு நகரில் அரங்கேறிய வியோத்தி என்னும் இத்தாலிய வித்துவான், ஸ்திராதிவாரி செய்த வயலினை வாசித்து நகரத்தையே வியக்க வைத்தார். புடைப்புக் குறைந்த அக்கருவியின் நாதம் அரங்கின் கடைசி வரிசை வரை சென்றது. அதன் பின்னரே ஸ்டைனரின் பெயர் தாழ, ஸ்திராதிவாரியின் பெயர் உயர்ந்தது. ஆகவே, பெயர் தானாக வளர்ந்துவிடவில்லை. இசை கேட்கும் இடம் மாறியது. அதற்கேற்ற நாதம் தேவைப்பட்டது. பெயர் அந்த நாதத்தைப் பின்தொடர்ந்து வந்தது.

பெயர் முன்னே செல்ல, நாதம் பின்னே நடக்கும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. லூயிசி தாரிசியோ என்னும் இத்தாலியர், பழைய வயலின்களைத் தேடித் தம் நாட்டின் சிற்றூர்களிலும் மடங்களிலும் அலைந்து சேர்த்து, 1827 முதல் பாரிசு வணிகர்களிடம் விற்று வந்தார். தம்மிடம் 1716-ஆம் ஆண்டின் ஒப்பற்ற ஸ்திராதிவாரி வயலின் ஒன்று இருப்பதாக எப்போதும் புகழ்வார். ஒருபோதும் கொண்டு வந்து காட்டமாட்டார். 'யூதர்கள் எதிர்பார்த்திருக்கும் மெசியாவைப் போல இதுவும் வரப்போவதேயில்லை' என ஒருவர் எள்ளி நகையாட, 'மெசியா' என்பதே அவ்வயலினின் பெயராகிவிட்டது. தாரிசியோ 1854-இல் இறந்ததும், பாரிசு நகரத்து வயலின் வினைஞர் வுய்யோம் இத்தாலிக்கு விரைந்து, அவர் சேர்த்து வைத்திருந்த கருவிகள் அனைத்தையும் வாங்கினார். மெசியாவும் அதில் இருந்தது. இன்று அது ஆக்சுபோர்டு நகர அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய யாரும் வாசிக்காத நிலையில், கண்ணாடிப் பேழையுள் உறைகிறது. உலகின் மிகப் புகழ்வாய்ந்த வயலின்களுள் ஒன்று, கேட்கப்படாமலேயே புகழ் பெற்று நிற்கிறது.

பெயருக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்ட பின் அதனைக் கடன் வாங்குவோர் தோன்றாதிருப்பரோ? சாக்சனி நாட்டின் மார்க்நொய்கிர்ஹென் என்னும் ஊரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு வயலின் வேலை நடந்தது. ஒரு குடும்பம் கழுத்தும் தலைச்சுருளும் மட்டும் செதுக்கும்; மற்றொன்று மேற்பலகை மட்டும் குடையும்; வேறொன்று மெருகெண்ணெய் பூசும். வணிகர் அவற்றைத் திரட்டி இணைத்து, டஜன் கணக்கில் கடல் கடந்து அனுப்பினர். அமெரிக்காவில் அஞ்சல்வழி வணிகம் செய்த நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் அவை சில டாலர்களுக்கே கிடைத்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஸ்திராதிவாரி, குவார்னேரி, அமாத்தி, ஸ்டைனர் ஆகியோர் பெயர்களுள் ஏதோவொன்று அச்சிட்ட சீட்டு. தொடக்கத்தில் இதில் வஞ்சகம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. இன்ன வினைஞரின் வடிவை ஒட்டிச் செய்தது என்பதே அச்சீட்டின் பொருள்; விற்றவரும் வாங்கியவரும் அதை அறிவர். முதல் வாங்கியவர் இறந்து, அவர் மக்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போதுதான் சீட்டு பொய்யாகிறது.

பண்டத்தின் மீது அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்னும் நியதி அரசுகளால் வகுக்கப்பட்டதும் அக்காலத்திலேதான். பிரிட்டன் 1887-இல் வணிகக்குறிச் சட்டம் இயற்றியது. இந்தியாவிற்கும் 1889-இல் அதுபோன்ற சட்டம் வந்தது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பண்டங்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்றது. அதன்படி, ஸ்திராதிவாரியின் பெயருக்குக் கீழே 'மேட் இன் ஜெர்மனி' என்னும் சிறு வரியும் அச்சாயிற்று. எங்கள் வீட்டில் இராமபாணப் பூச்சி தின்றது அந்த வரியின் ஒரு பகுதியைத்தான். பூச்சிக்கு எவ்வளவு நேர்த்தியான வணிகப் புத்தி!

சரி, பெயரை மறைத்துவிட்டால் நாதம் தன்னைத் தானே அறிவிக்குமா? 1977-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் ஒரு சோதனை நடத்தியது. ஐசக் ஸ்டெர்ன், பிங்கஸ் சுக்கர்மன் என்னும் இரு பெரும் வயலின் மேதைகளும், வயலின் வாணிபத்தில் தேர்ந்த சார்லஸ் பியரும் நடுவராயினர். திரைக்குப் பின்னால் நான்கு வயலின்கள் வாசிக்கப்பட்டன: ஸ்திராதிவாரி ஒன்று, குவார்னேரி ஒன்று, வுய்யோம் செய்தது ஒன்று, அக்காலத்து ஆங்கிலேய வினைஞர் ஒருவர் செய்த புத்தம் புதியது ஒன்று. மூவருள் எவராலும் இரண்டுக்கு மேல் சரியாகக் கூற இயலவில்லை. இருவர் புதிய வயலினையே ஸ்திராதிவாரி என்றனர். 2010-இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் குளோடியா ஃபிரிட்ஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்னும் வினைஞரும் இன்னும் கண்டிப்பான முறையில் அதனைச் செய்து பார்த்தனர். இருபத்தொரு வாத்தியக்காரர்களுக்கு, கருவியின் உருவம் தெரியாதபடி கருங்கண்ணாடி அணிவித்து, பழைய மரத்தின் மணம் கூடக் காட்டிக் கொடுக்காதபடி வாசனைத் தைலம் தடவி, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் செய்தனர். பெரும்பாலோர் விரும்பியது புதியவற்றுள் ஒன்றை. எல்லாவற்றிலும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்திராதிவாரி.

இதனைக் கொண்டு ஸ்திராதிவாரி செய்தவை தாழ்ந்தவை என முடிவு கட்டுவோர் அவசரக்காரர். நல்ல புதிய வயலினிலிருந்து அவற்றைச் செவியால் பிரித்தறிய முடியவில்லை என்பதே சோதனை காட்டியது. சந்தையோ இதற்கெல்லாம் செவிசாய்ப்பதில்லை. 'லேடி பிளண்ட்' எனப்படும் ஸ்திராதிவாரி வயலின் 2011-இல் ஜப்பானியப் பூகம்ப நிவாரணத்திற்காக ஏலம் விடப்பட்டு, ஏறக்குறைய ஒரு கோடியே அறுபது இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. அது செய்யப்பட்ட ஆண்டு 1721. எங்கள் வீட்டுச் சீட்டில் இருந்த அதே ஆண்டு.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் யாழின் பத்தரையும் கோட்டையும் திவவையும் போர்வையையும் உறுப்பு உறுப்பாக வருணிக்கின்றன. இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் முதலாக ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் ஈறாக, யாழின் பெயர்கள் உருவாலும் நரம்பாலும் அமைந்தவை. மீட்டிய பாணனைப் பாடினர்; பரிசளித்த வள்ளலைப் பாடினர்; மரம் குடைந்து நரம்பு கட்டிய கைவினைஞனின் பெயரை எவரும் பாடவில்லை. இக்குறை நம்மிடம் அன்று முதல் இன்று வரை தொடர்ந்து வருகிறது.

வயலின் தமிழ்நாட்டிற்குள் நுழைந்ததும் செய்தவர் பெயரைச் சுமந்துகொண்டு அன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1859), சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த நாளில் ஐரோப்பிய இசை கேட்டுப் பிடில் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். கொடுத்த மன்னரும் பெற்ற வித்துவானும் வரலாற்றில் நிலைத்தனர். செய்தவர் யார் என்பார் இலர். கமகம் பேசுமா, பாடுபவர் குரலைத் தொடர்ந்து செல்லுமா என்பதே நம்மவர் அக்கருவியிடம் கேட்ட கேள்வி. அது பேசிற்று, நம்முடையதாயிற்று.

நம் கருவிகளுக்குப் பெயர் உண்டு. ஆனால் அது ஊர்ப் பெயர். தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாகசுரம், மானாமதுரைக் கடம் என்கிறோம். நெடுங்காலமாக இதற்கு மேல் தேவைப்படவில்லை. வாங்குபவன் அண்டை ஊரான். பலாமரத்தின் வயதைத் தட்டிப் பார்ப்பான். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா எனத் தடவிப் பார்ப்பான். மெழுகிட்டு இருபத்து நான்கு மெட்டுகளும் அமைக்கும்போது அருகே அமர்ந்திருந்து சுரஸ்தானம் சரிபார்ப்பான். மேளம் தளர்ந்தால் மறுபடியும் அதே திண்ணைக்குத் தூக்கிச் செல்வான். ஆசாரியின் முகம் தெரிந்தவனுக்கு முத்திரை எதற்கு?

நரசிங்கம்பேட்டையில் நிகழ்ந்ததைச் சற்று விரித்துக் கூற வேண்டும். முற்காலத்தில் வழங்கியது நீளம் குறைந்த, சுருதி உயர்ந்த திமிரி நாயனம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தம் கற்பனை விரிவுக்கு அது போதாதென உணர்ந்து, நீளம் மிகுந்த, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை விரும்பினார். அவர் மனத்தில் கேட்ட நாதத்தை ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. துளைகளின் இடத்தை நெல்லளவு மாற்றினாலும் சுரம் பிசகும் வேலை அது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைத்த, பல்லாண்டு உலர்ந்த ஆச்சா மரமே அதற்கு உகந்தது. பிள்ளையவர்கள் வாசித்தார், நாடு கேட்டது, நாகசுரக்காரர்கள் நரசிங்கம்பேட்டையை நாடி வந்தனர். வியோத்தி பாரிசில் செய்ததும் இதுவே. ஆனால் அங்கு வினைஞர் பெயர் உலகப் பெயராயிற்று; இங்கு, வாத்தியக்காரர் வட்டத்திற்கு வெளியே, ஆசாரியின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இதற்கு நேர்மாறான ஒன்றை நாங்கள் வாழும் கல்கத்தாவிலேயே கண்டோம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிப்பது. துவாரகநாத கோஷ் என்னும் வங்காளிப் பெருமகனார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் துருத்தியைப் பின்புறம் அமைத்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து ஒரு கையால் இயக்கும்படி மாற்றினார். 'துவார்க்கின்' என்பது அவர் நிறுவனத்தின் பெயர். தம் பெயரின் முற்பகுதியையும், லண்டன் நகரத்து இசைக்கருவி வணிகர் டாக்கின்ஸ் என்பாரின் பெயரையும் இணைத்து அமைத்தது அது என்பர். பாதி வங்காளமும் பாதி ஆங்கிலமுமாக ஒலிக்கும் அப்பெயரின் சாதுரியத்தை எண்ணிப் பாருங்கள்! சீமைச் சரக்கே உயர்ந்தது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்த நாளில், சுதேசிக் கருவி சீமை ஓசையுள்ள பெயரால் வீடு வீடாக நுழைந்தது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்திருந்தும், எங்கள் தெருவில் மாலை நேரத்தில் அது ஒலிக்காத வீடு அரிது. பெயரில் சீமை வாடை இருந்தாலும் கருவி நம் தரைக்கும் நம் கைக்கும் ஏற்றதாயிருந்தது. ஆகவே நிலைத்தது என்பது என் கருத்து.

பெயரின் ஆட்சி எங்கே மிகுகிறது? செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே தொலைவு மிகும் இடத்தில். தஞ்சைத் தெருவில் நிற்பவனுக்குச் செவியும் கையும் உண்டு. கல்கத்தாவிலும் டெல்லியிலும் பம்பாயிலும் வாழும் நமக்குப் பெயர் ஒன்றே உண்டு. மகளுக்கு வீணை வேண்டுமென்றால், ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதி, 'தஞ்சாவூர் வீணை' என்னும் இரு சொற்களை நம்பிப் பணம் அனுப்புகிறோம். சரக்கு வண்டியில் வைக்கோல் சுற்றி வந்திறங்கும் பெட்டியில் இருப்பது தஞ்சைப் பலாவா, வேறெங்கோ செய்து அப்பெயரில் விற்றதா என்பதை நம்மால் அறிய முடிவதில்லை. தொலைவு உண்டாக்கும் இடைவெளியை நிரப்ப வரும் பெயரின் பின்னாலேயே பொய்யும் நுழைகிறது.

இதனைத் தடுப்பதற்கென 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. தஞ்சாவூர் வீணை அக்குறியீட்டைப் பெற்றது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரமும், 2023-இல் மானாமதுரைக் கடமும், 2024-இல் மராட்டிய மாநிலத்து மிரஜ் நகரின் சிதாரும் தம்புராவும் பெற்றன. வரவேற்கத் தக்கதே. ஊரின் பெயரை ஊராருக்கே உரிமையாக்கியிருக்கிறது சட்டம். ஆனால், குடத்தைக் குடைபவர் ஒருவர், சித்திர வேலை செய்பவர் ஒருவர், மேளம் கட்டுபவர் ஒருவர் எனப் பல கைகள் சேர்ந்து உருவாகும் வீணையில், எந்தக் கையின் பெயரும் இன்னமும் இல்லை. விலையில் பெரும்பகுதி கடைக்காரருக்கும் ஊர்ப் பெயருக்கும் போக, கூலி மட்டும் கைக்கு வந்தால், தம் மக்களை இத்தொழிலில் விடுவதற்கு ஆசாரிமார் தயங்குவதில் வியப்பென்ன? தொழில் செய்யும் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் பெயர் இருந்து, செய்வார் இல்லாமற் போகவும் கூடும். ஆகவே, ஊரிலிருந்து வீணை தருவிப்போர் அதனைச் செய்த ஆசாரியின் பெயரைக் கேட்டறிந்து, தண்டியின் அடியில் ஓர் ஓரத்தில் எழுதி அனுப்புமாறு சொல்லலாம். நான் இருமுறை அவ்வாறு கேட்டேன். ஒருமுறை சிரித்தார்கள்; மறுமுறை எழுதி அனுப்பினார்கள்.

எங்கள் வயலின் என்னவாயிற்று எனக் கேட்பீர்கள். அது விற்கப்படவில்லை. திருமணச் செலவுக்குத் தந்தையார் அலுவலகத்தில் கடன் பெற்றார். முதியவரிடமிருந்து திரும்பிய மறுவாரம் தமக்கையாரின் ஆசிரியர் வழக்கம்போல் வந்தார். பெட்டி திறக்கப்படாமலிருப்பதைக் கண்டு காரணம் கேட்டறிந்தார். "ஐயா, பன்னிரண்டு வருஷமாக இந்த நாதத்தைத்தானே கேட்டு மகிழ்ந்தீர்கள்? போன வாரம் அது எங்கே போயிற்று?" என்று மட்டும் சொல்லி, சுருதி சேர்க்கத் தொடங்கினார். தந்தையார் விடை கூறவில்லை. ஆனால் அதன் பின் விருந்தினரைத் துளைக்குள் நோக்குமாறு அவர் அழைத்ததுமில்லை.

இப்போது அதனை என் பேத்தி வாசிக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால ஈரத்தில் மேற்பலகையின் பசை விட்டுப்போக, அம்முதியவரின் மகனிடம் கொண்டு சென்றேன். அவர் பலகையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில், சீட்டுக்கு நேர் மேலே, பென்சிலால் வங்க எழுத்தில் ஒரு பெயரும் 1931 என்னும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. அந்நாளில் அதனைத் திறந்து செப்பனிட்ட எவரோ இட்டது. பொய்ச் சீட்டைக் கிழித்துவிடலாமா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். பசை தடவுவதற்கு முன், தம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பழைய பெயருக்குக் கீழே தம் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினார்.